குடும்ப ஓய்வூதியம் வாங்கும் நான் இன்னொருவரோடு சேர்ந்து வாழ்கிறேன். சொல்லியாக வேண்டுமா?

கேள்வி: தையல்மிஷின் (மடிப்பாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். பெயர் வேண்டாம். வயது 46. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் கணவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். 1999-ல் வேலையில் சேர்ந்தவர், அதனால் பழைய ஓய்வூதியத் திட்டம். 2014 செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது மகளுக்கு எட்டு வயது. முதல் ஏழு வருடம் அவருடைய கடைசிச் சம்பளத்தில் பாதி குடும்ப ஓய்வூதியமாக வந்தது. 2021-லிருந்து அது 30 சதவீதம் ஆகிவிட்டது. இப்போது அகவிலைப்படி சேர்த்து, மருத்துவக் காப்பீட்டுக்கு 497 ரூபாய் பிடித்தது போக, மாதம் 21 ஆயிரத்துச் சொச்சம் கைக்கு வருகிறது. மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக் கட்டணம், பஸ், புத்தகம் என்று வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. என் தையல் வருமானம் முகூர்த்த மாதத்தில் ஒரு மாதிரி, ஆடியில் ஒரு மாதிரி.

இப்போது நான் சேர்ந்து வாழும் இவர் கீழ்க்கட்டளையில் மிக்ஸி, கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிறவர். தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே வயது போய், கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார். 2022-ல் என் மிஷின் மோட்டார் எரிந்துபோய் அவர் கடைக்குக் கொண்டு போனேன். அப்படித்தான் பழக்கம். 2023 ஆகஸ்டில் பழவந்தாங்கல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மகளும் இவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒப்பந்தம் இவர் பெயரில். என் ஆதாரில், ரேஷன் அட்டையில் எல்லாம் இன்னும் பழைய முகவரிதான். வீட்டு ஓனரம்மா என்னைப் பார்த்து "வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டபோது இவர் "ஆமாம்" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலுக்கு நான் அலுவலகம் போவதில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை எடுத்துக்கொள்வார், 70 ரூபாய். நடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஆதார் எண், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண் எல்லாம் கைபேசியில் ஏற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "மறுமணம் இல்லைதானேம்மா?" என்றார். அவருக்குப் பின்னால் கொடியில் இவருடைய சட்டை மூன்று காய்ந்துகொண்டிருந்தது. இவருக்கு வரும் காப்பீட்டுக் கடிதத்தையும் இதே வாசலில் கொடுக்கிறவர் அந்தத் தபால்காரர்தான். நான் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு "இல்லைங்க" என்றேன். ஊசியும் கத்தரியும் பிடித்துப் பிடித்து எனக்கு ரேகை தேய்ந்திருக்கிறது, கருவி எடுக்கவில்லை. விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. நாலாவது தடவைதான் எடுத்தது. ஒரு பொய்க்கு நாலு தடவை கைநாட்டு வைத்த மாதிரி இருந்தது. அவர் போனதும் மிஷினில் உட்கார்ந்தேன், அன்று முழுக்க ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் கொண்டு வந்தார்களே, அதிலும் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா பெயரை மட்டும் எழுதிவிட்டு அதை வெறுமையாக விட்டேன். யார் பெயரை எழுதினாலும் இன்னொருவருக்குத் துரோகம் மாதிரி பட்டது.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்படியிருக்க, சேர்ந்து வாழ்வதை நான் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா? சொன்னால் பணம் நின்றுவிடுமே, மகள் படிப்பு என்ன ஆகும்? அந்தப் பணம் வாத்தியார் சாக்பீஸ் தூளில் இருமிக்கொண்டே சம்பாதித்தது. அவர் மகளுக்காக என்று நினைத்துத்தான் வாங்குகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தாம்பரம் தம்பி

அக்கா, வீணாகப் பயப்படாதீர்கள். பதிவு செய்யாதவரை அது கல்யாணமே இல்லை. கூட இருப்பவர் தம்பி, அண்ணன் என்று யாராகவும் இருக்கலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அதுவும் போக, மறுமணம் செய்தாலும் ஓய்வூதியம் நிற்காது என்று விதி மாற்றிவிட்டதாகப் படித்திருக்கிறேன். மகள் படிப்பு முடியும் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

பதில் 2: பழைய கருவூலக்காரன்

தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் படித்தது மத்திய அரசு விதி. அதுவும் குழந்தை இல்லாத கைம்பெண்ணுக்கு மட்டும், அவருக்கு வேறு வழியில் வரும் வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டாத வரைக்கும்தான். இந்த அம்மாவின் கணவர் மாநில அரசு ஆசிரியர். இவருக்கு 1978-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், அதில் 49-ஆவது விதி. மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் அவர் இறக்கும் வரை அல்லது மறுமணம் செய்யும் வரை, எது முந்தியோ அதுவரை.

நான் 32 வருடம் கருவூலத்தில் இருந்தவன். அம்மா, நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மனைவி மறுமணம் செய்துகொண்டால் அந்த ஓய்வூதியம் செத்துப்போவதில்லை. தகுதியுள்ள பிள்ளைக்கு மாறும். உங்கள் மகளுக்கு 20 வயது இருக்குமா? 25 வயது ஆகும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை அவள் பெயரிலேயே வாங்கலாம். நீங்கள் எந்தப் படிப்புக்காகப் பயந்து மறைக்கிறீர்களோ, அந்தப் படிப்புக்கு விதியிலேயே வழி இருக்கிறது. இதைக் கவுண்டரில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவுடன் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள், ஏனென்றால் அதற்குள் நாலைந்து வருடம் மறைத்திருப்பார்கள்.

அது தானாக மாறாது. உங்கள் கணவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியர் வழியாக மகள் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, திருமணம் ஆகவில்லை என்பதற்குச் சான்று, வருமானம் இல்லை என்ற உறுதி, அவள் பெயரில் வங்கிக் கணக்கு. அங்கிருந்து தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகம் போய், புதிய ஆணை வர வேண்டும். மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடும் உங்கள் ஓய்வூதியத்தோடு ஒட்டியது, அது உங்களுக்கு நின்றுபோகும்.

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்று தம்பி கேட்கிறார். யாரும் வந்து பார்ப்பதில்லை, உண்மைதான். மொட்டைக் கடிதாசி வரும். என் அனுபவத்தில் அது தெருவிலிருந்து வருவதைவிடச் சொந்தத்திலிருந்து வருவதுதான் அதிகம். சொத்துத் தகராறு, கல்யாண வீட்டில் ஒரு வாய்ச்சண்டை, மறுவாரம் கடிதாசி.

பதில் 3: வழக்கறிஞர் (பெண்), உயர் நீதிமன்றம்

சகோதரி, ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். தபால்காரர் கேட்டபோது கழுத்தை மூடிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கழுத்தில் என்ன இருக்கிறது? எப்போது, யார் யார் இருக்கும்போது கட்டியது? அதைப் பொறுத்துத்தான் பதில்.

தையல்மிஷின்

மேடம், நீங்கள் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. மஞ்சள் கயிறு. 2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இவர் கட்டினார். ஐயர் இல்லை, மேளம் இல்லை, பத்திரிகை அடிக்கவில்லை. இவருடைய இரண்டு தங்கைகள், ஒரு தங்கை வீட்டுக்காரர், என் மகள், அவ்வளவுதான். மகள்தான் தட்டில் வைத்துக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மண்டபமும் பதிவும் இல்லாததால் அதைக் கல்யாணம் என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்குள் ஒரு மனத்திருப்திக்குச் செய்துகொண்டது.

வழக்கறிஞர் (பெண்), உயர் நீதிமன்றம்

நன்றி. இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியும்.

வேறு மாநிலத்தில் இது வாதத்துக்குரிய விஷயமாக இருக்கலாம். நம் ஊரில் வாதமே குறைவு. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. ஊரறிய விழா எடுக்க வேண்டும் என்பதும் இல்லை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்று வைத்துத்தான் சொல்கிறேன். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நடந்தது கல்யாணம்தான். பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கு ஆதாரம். பதியாததால் கல்யாணம் இல்லை என்று ஆகாது. 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். உங்களுக்கு அந்த இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவதைப் பற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பேசலாம்.

தாலி கட்டாமல் வெறுமனே சேர்ந்து வாழ்ந்திருந்தால்? படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து அப்படி வாழ்கிறவர்கள் அரசிடம் பதிய வேண்டும், பதியாவிட்டால் தண்டனைகூட உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. ஓய்வூதியப் படிவமும் மறுமணத்தைத்தான் கேட்கிறது. ஆனாலும் பல வருடம் கணவன் மனைவியாக ஊர் பார்க்க வாழ்ந்தால் கல்யாணம் ஆனவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அதனால் "நாங்கள் சும்மா சேர்ந்திருக்கிறோம்" என்பது நிரந்தரமான கவசம் இல்லை.

இனி பணம். 2024 ஜனவரிக்குப் பிறகு வாங்கியது ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதைத் திருப்பிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. ஓய்வு பெற்றவர்களிடம் அதிகமாகக் கொடுத்த பணத்தைப் பிடிக்கக் கூடாது என்று 2014-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். அது அலுவலகத்தின் தவறால் போன பணத்துக்கு. "மறுமணம் இல்லை" என்று நீங்களே விரல் வைத்திருக்கிறீர்கள், அது உங்களுக்கு உதவாது. அறிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஏமாற்று வழக்குவரை போக இடமிருக்கிறது. ஆனால் உங்கள் பக்கம் ஒரு நியாயமான வாதமும் இருக்கிறது. அதே மாதங்களில் அதே ஓய்வூதியத்துக்கு உங்கள் மகள் தகுதியானவள். அவளுக்குச் சேர வேண்டியதில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று மனுவில் கேளுங்கள். ஏற்பார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். கேட்காமல் விடக் கூடாது. தானாக முன்வந்து எழுதிய மனுவையும், மொட்டைக் கடிதாசிக்கு வந்த விளக்கத்தையும் எந்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்க்க மாட்டார்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. வீட்டு ஒப்பந்தம் இவர் பெயரில், கடை இவர் பெயரில். நாளை இவருக்கு ஏதாவது ஒன்று என்றால் மனைவி என்று நீங்கள் போய் நிற்க வேண்டும். அப்போது எதிர்த் தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போவது, "மறுமணம் செய்யவில்லை" என்று நீங்கள் வருடா வருடம் கொடுத்த உறுதிமொழியைத்தான். ஒரு மேசையில் மனைவி இல்லை என்றும் இன்னொரு மேசையில் மனைவி என்றும் சொல்ல முடியாது, சகோதரி.

பதில் 4: அம்பத்தூர் பொண்ணு

அம்மா, நான் உங்கள் மகள் இடத்தில் இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அரசு வேலை. அவர் போன பிறகு அம்மா இன்னொருவரோடு வாழத் தொடங்கினார், நல்ல மனிதர், இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறார். ஓய்வூதியத்துக்காக அதை மறைத்தோம். வெளியில் அவரை "மாமா" என்று கூப்பிடச் சொன்னார் அம்மா, வீட்டுக்குள் "அப்பா". பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக் கூட்டத்துக்கு அவர் வந்தார். "யார் இவர்?" என்று டீச்சர் கேட்டதும் நான் "மாமா" என்றேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது, பிறகு அவரே "ஆமாங்க, மாமாதான்" என்றார். எனக்கு இப்போது 29 வயது. அந்த ஒரு நொடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் என் அத்தை புகார் மனு எழுதிப் போட்டார். ஓய்வூதியம் நின்றது, வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கும் தகுதி இருந்தது என்று யாரோ சொல்லித் தெரிந்தபோது எனக்கு 25 முடிந்திருந்தது. அம்மா நகையை விற்றுத் தவணை கட்டினார். மேலே ஐயா சொன்னதை அன்றைக்கு ஒருத்தர் எங்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முதலில் உங்கள் மகளிடம் பேசுங்கள். இனி அது அவள் பெயரில் வரும் பணம், அவளுக்கு வேலை கிடைத்தால் நிற்கும் பணம். அவளைத் தெரியாத்தனமாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தையல்மிஷின்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அம்பத்தூர்க் கண்ணு, உன் பதிலைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவே மகளிடம் பேசினேன். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அம்மா, காலேஜ் ஃபார்ம்ல கார்டியன்னு இவர் பேரைப் போட்டு முறை மட்டும் எழுதாம விட்டுட்டேன், மூணு வருஷமா" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. நான் கட்டத்தை வெறுமையாக விட்ட மாதிரியே அவளும் விட்டிருக்கிறாள்.

இவரிடமும் சொன்னேன். இவர் கடையை நேரத்தோடே சாத்திவிட்டு வந்து, திருப்பிக் கட்டச் சொன்னால் எவ்வளவு வரும் என்று மாதம் மாதமாகக் காகிதத்தில் கூட்டினார். சேமிப்பாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வைத்திருக்கிறார், ஏலச்சீட்டு இரண்டு மாதத்தில் எடுக்கலாம் என்றார். "வாத்தியார் காசு, கணக்கு சரியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சில் வாத்தியார் பெயரை இவர் எவ்வளவு மரியாதையோடு எடுத்தார் என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

மனு எழுதிவிட்டேன். மேடம் சொன்னபடி தேதியைப் போட்டு, கூட இருந்தவர்கள் யார் என்பதை எழுதி, மகளுக்கு மாற்றித் தரச் சொல்லியும், அவள் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். மேடம், அனுப்பும் முன் ஒரு தரம் நேரில் காட்டலாமா? கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கருவூல ஐயாவுக்கு ஒரு கேள்வி. வாத்தியார் இருந்த உயர்நிலைப் பள்ளி இப்போது மேல்நிலைப் பள்ளி ஆகிவிட்டது. அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அதே பள்ளிக்குத்தான் போக வேண்டுமா?

பழைய கருவூலக்காரன்

அதே பள்ளிதான் அம்மா. ஆள் மாறினாலும் பணிப்பதிவேட்டு விவரம் கேட்க அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பி.பி.ஓ. புத்தகம், அதன் இரண்டு நகல், மகளின் ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத் தேர்வு நேரம், தலைமை ஆசிரியர் மதியத்துக்கு மேல்தான் கையில் கிடைப்பார். மகளையும் கூட்டிப்போங்கள், விண்ணப்பத்தில் கையெழுத்து அவளுடையது.

வழக்கறிஞர் (பெண்), உயர் நீதிமன்றம்

தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை வாருங்கள், கட்டணப் பேச்சு வேண்டாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்ட தேதி போட்டு வாங்கும் வரை மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இவரையும் அழைத்து வாருங்கள், பதிவு விஷயத்தையும் அன்றே பேசிவிடலாம்.